இரவல் வண்டியும் ஒரு நைலான் கயிறும்



மதரஸாவில் ஃபிக்ஹு நடத்தும்போது "ஆரியத்" எனப்படும் இரவல் பாடத்தை நான் எப்போதும் விரைவாகவே கடந்துவிடுவேன். தொழுகைக்கும் ஜகாத்துக்கும் வாரக்கணக்கில் செலவிடுகிற நான், இரவலுக்கு இரண்டு நாள் ஒதுக்குவேன். பக்கத்து வீட்டு ஏணி, அண்டா, அம்மி என்று உதாரணம் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். இவ்வாண்டு அவ்வாறு கடந்துபோக முடியவில்லை. காரணம், என் காக்காவின் கார்.

காக்கா தம்மாமில் வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் வந்தபோது ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். திரும்பிச் செல்லும் நாளில் சாவியை என் கையில் கொடுத்து, "உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெச்சுக்க. சும்மா நின்னா பேட்டரி போயிரும்" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த உடன்படிக்கை.

அதன் பிறகு ராத்தாவின் மகளுக்குக் காயல்பட்டினத்தில் நிக்காஹ் முடிவாயிற்று. மச்சானின் சொந்த ஊர் அதுதான். அவரும் ராத்தாவும் அமெரிக்காவின் டெக்ஸாஸில் இருக்கிறார்கள். திருமணத்துக்காக ஒரு மாதம் முன்னரே வந்துவிட்டார்கள். உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நெடுநேரம் உட்கார இயலாது, படுத்துத்தான் வரவேண்டும். எனவே ஒரு வேனை வாடகைக்குப் பேசி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போடுவது என்று தீர்மானித்தோம். ஆனால் காயல்பட்டினத்தின் தெருக்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த வேன் மணவீட்டு வாசல்வரை போகாது. முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து உம்மாவை வாசலில் இறக்க ஒரு சிறிய கார் வேண்டும். காக்காவின் காரையும் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதை ஓட்ட வேண்டியவன் நான். நானோ வழி முழுவதும் உம்மாவின் பக்கத்தில் இருக்க விரும்பினேன்.

இதை மச்சானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க ஊர்ல இதுக்கு வழி இருக்கு மச்சான். காரை வேனுக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போயிருவோம்."

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலா என்று ஒரு திட்டத்தைத் தொடங்கிய பின் அக்கரையில் சிலர் அதில் குடும்பமாகச் செல்கிறார்கள். அமெரிக்காவில் அது பழைய வழக்கம். அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ள பேருந்து போன்ற வீட்டு வண்டியில் நெடும்பயணம் போகிறவர்கள், போய்ச் சேர்ந்த ஊரின் சிறு வீதிகளில் சுற்றுவதற்காக ஒரு காரையும் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். எங்கள் காயல்பட்டினச் சிக்கலேதான் அவர்களுடையதும்.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து மச்சான் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். இது பின்னால் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.

இழுக்க மூன்று வழிகள் உண்டாம். முதலாவது, காரின் நான்கு சக்கரமும் தரையில் உருள, முன்பக்கத்தில் இரும்புச் சட்டம் பொருத்தி இழுப்பது. செலவு குறைவு, மாட்டவும் கழற்றவும் எளிது. ஆனால் எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. மாற்றுப் பெட்டியைத் தனியே நியூட்ரலில் வைக்க வசதியுள்ள ஜீப் ராங்ளர் போன்றவை இதற்குப் பேர்போனவை. ஹோண்டா சிஆர்வி அங்கே 2014ஆம் ஆண்டு மாடல் வரை இப்படி இழுக்க அனுமதிக்கப்பட்டிருந்தது. 2015இல் அதே காருக்கு சிவிடி என்னும் கியர்பெட்டி வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. "பேரு ஒண்ணுதான், உள்ள இருக்கிறது வேற. அதனால பேரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, கையேட்டைப் பார்க்கணும்" என்றார் மச்சான். இரண்டாவது வழி, முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் ஒரு சிறு இருசக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொள்வது. முன்சக்கரத்தால் ஓடும் கார்களுக்கு அது பொருந்தும், ஆயினும் பின்னோக்கி எடுப்பது பெரும்பாடு. மூன்றாவது, காரை முழுவதுமாக ஒரு டிரெய்லரில் ஏற்றிவிடுவது. காருக்கு ஒரு தீங்கும் வராது. ஆனால் டிரெய்லரின் எடையும் சேர்ந்துகொள்ளும், அதை இழுக்கும் வலு முன்வண்டிக்கு வேண்டும், போன இடத்தில் டிரெய்லரை நிறுத்த இடமும் வேண்டும்.

எந்த வழியானாலும், பின்னால் வருவது ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட பாரம். முன்வண்டி பிரேக் போடும்போது அது முன்னோக்கித் தள்ளும். அதனால் பின்காருக்குத் தனியே பிரேக் ஏற்பாடு, விளக்குகளுக்கு மின்கம்பி, சட்டம் கழன்றால் பிடித்துக்கொள்ளச் சங்கிலி என்று பல முன்னேற்பாடுகள் இருக்கின்றன.

கேட்கக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் மறுநாள் விசாரித்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நம் நாட்டில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில், பழுதாகி நின்ற வண்டியை அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுசேர்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் இழுவை அனுமதிக்கப்பட்டிருந்தது. இழுக்கப்படும் வண்டியில் உரிமம் உள்ள ஓட்டுநர் அமர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் அதன் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, பின்னால் இழுவை வண்டி என்று எழுதித் தொங்கவிட வேண்டும். 2017இல் புதிய விதிமுறைகள் வந்தபோதும் இழுவை என்பது பழுதான வண்டிக்கான ஏற்பாடாகவே இருக்கிறது. ஓடுகிற காரைச் சௌகரியத்துக்காகக் கட்டி இழுப்பது நமக்கு ஆகாத காரியம்.

எனவே போகும்போது ராத்தாவின் மகன் காரை ஓட்டினான், நான் வேனில் உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சென்றேன். தூத்துக்குடி தாண்டி, உப்பளங்களைப் பார்த்தபடி, முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று உம்மா ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். தெருமுனையில் இருந்து வாசல்வரை உம்மாவைக் காக்காவின் கார் நான்கு நாளில் எத்தனை முறை சுமந்தது என்று எண்ணவில்லை.

திரும்பும் நாளில் மருமகன் காயல்பட்டினத்திலேயே தங்கிவிட்டான். காரை நான் ஓட்டினேன். வேன் முன்னே போய்விட்டது. அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டிருந்தோம். தூத்துக்குடியைக் கடந்து மதுரை நெடுஞ்சாலையில் குறுக்குச்சாலைக்கு அப்பால் வரும்போது வெப்பமுள் சிவப்புக்கு ஏறியது. ஓரம் கட்டி மூடியைத் திறந்தேன். குளிர்விக்கும் நீர் செல்லும் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டிருந்தது. இனி எஞ்சினை இயக்கவே கூடாது என்பது எனக்கே தெரிந்தது.

தொலைபேசியில் அழைத்ததும் வேன் திரும்பி வந்தது. ஓட்டுநர் நல்ல இளைஞர். இருக்கைக்கு அடியிலிருந்து தடித்த நைலான் கயிற்றை எடுத்தார். "ஹஜ்ரத், நியூட்ரல்ல போட்டு உக்காருங்க. மஃரிபுக்குள்ள எட்டயபுரத்துல விட்டுடறேன்" என்றார். எத்தனையோ வண்டிகளை அப்படி இழுத்து வந்தவர் அவர். அவர் இழுத்தவை எல்லாம் கையால் கியர் மாற்றும் வண்டிகள். அவர்மீது குற்றமில்லை. திண்ணையில் ஓர் இரவு முழுவதும் பாடம் கேட்டவன் நான்தான்.

ரெக்கவரி வண்டி என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. காரைப் பலகைமேல் ஏற்றிச் செல்லும் லாரிக்கு எவ்வளவு கேட்பார்களோ, எவ்வளவு நேரம் ஆகுமோ என்று தயங்கினேன். உம்மா வேனுக்குள் வலியில் முனகினார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் இருக்கும் வண்டி தானாக உருளத்தானே செய்கிறது, அதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஃரிபைச் சாலையோரத்தில் தொழுதிருக்கலாம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கை இரண்டு முறை மிதித்ததும் அதற்கு உதவும் வெற்றிடம் தீர்ந்துவிடுகிறது, பிறகு கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறது. ஸ்டியரிங் பாறையாகக் கனத்தது. கயிறு தளர்ந்து பின் விறைக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டி வெடுக்கென்று குலுங்கியது. வேன் மெதுவாகத் தொடங்கி, எப்போதும்வென்றானுக்குப் பிறகு வேகம் எடுத்தது. கைவிளக்கைக் காட்டி மெதுவாகப் போகச் சொன்னேன், அது அவருக்குத் தெரியவில்லை. மஃரிபுக்கு ஊர் வந்து சேர்ந்தோம். ஜமாஅத் கிடைத்தது.

மறுநாள் ரப்பர் குழாயை மாற்றி எஞ்சினை இயக்கியதும் அது ஓடியது. கியரைப் போட்டால் கார் நகரவில்லை. நகர்ந்தபோது உலோகம் அரைபடும் ஓசை கேட்டது. மெக்கானிக் கியர்பெட்டி எண்ணெயைச் சிறிது வடித்து விரலில் எடுத்துக் காட்டினார். கருகல் நெடி வீசியது, பொடியாக ஏதோ மின்னியது.

அவர் சொன்னதை எளிதாகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்பை எஞ்சின்தான் இயக்குகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அந்த நேரத்தில் முன்சக்கரங்கள் தரையில் உருண்டால் அவற்றோடு இணைந்த உள்பாகங்களும் எண்ணெயின்றிச் சுழலும். நியூட்ரல் என்பது எஞ்சினுக்கும் கியருக்கும் உள்ள தொடர்பைத்தான் அறுக்கிறது, சக்கரத்துக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடர்பை அன்று. காக்காவின் காரில் இருந்தது மச்சான் சொன்ன அதே சிவிடி. இரு உருளைகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டையை எண்ணெய் அழுத்தத்தால் பிடித்து வைத்து ஓடும் அமைப்பு. இத்தகைய காரைப் பலகை லாரியில் ஏற்ற வேண்டும், அல்லது முன்சக்கரங்களையாவது தூக்கிக்கொண்டு, கைபிரேக்கை விடுவித்து, பின்சக்கரங்கள் உருள இழுக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் விசை பாயும் வண்டியானால் பலகை லாரி ஒன்றே வழி. ஏஎம்டி என்று விற்கப்படுபவை உள்ளே கையால் மாற்றும் கியரைப் போன்றவைதான். ஆனாலும் அவற்றுக்கும் அவற்றின் கையேட்டைப் பார்த்தபிறகே கயிற்றைத் தொட வேண்டும்.

கையேடு டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. பக்கத்திலேயே காப்பீட்டுத் தாள். அதில் சாலையோர உதவிக்குக் காக்கா தனியாகப் பணம் கட்டியிருந்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் பலகை லாரி வந்திருக்கும். அதுவும் இல்லாவிட்டால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 என்ற எண் இருக்கிறது, எத்தனை முறை அந்தப் பலகையைப் படித்தபடி கடந்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு பட்டறையில் 85,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இம்முறை கார் முறைப்படி பலகை லாரியில் ஏறிச் சென்றது. எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒழுகுகிறது. தட்டோடு பதிப்பதற்காக நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் 60,000 என்னிடம் இருந்தது.

கார் வழியில் நின்றுபோன செய்தியைக் காக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். "வண்டி கெடக்குது விடு. உம்மா நல்லபடியா வந்தாங்கல்ல? எல்லாம் மாப்புத்தான்" என்றார். அப்போது கியர்பெட்டி போனது எனக்கே தெரியாது. தெரிந்த பின் இரண்டு நாள் நான் அழைக்கவில்லை. "கார் வழியில் நின்றது, கியரும் போய்விட்டது" என்று ஒரு வாக்கியம் என் மனதில் உருவாகியிருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காக்கா அதைக் கேட்டால் பழைய பழுது என்றே எண்ணிக்கொள்வார், செலவையும் அவரே ஏற்பார். அந்த இரண்டு நாளும் அந்த வாக்கியத்தோடுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் வகுப்பில் இரவல் பாடம் வந்தது. அதை நான் தேடிப் போகவில்லை, கிதாபில் அடுத்து இருந்தது அதுதான். ஹுனைன் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் கவசங்களை இரவல் பெற்ற செய்தியைச் சொன்னேன். அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத அவர், இது பறிமுதலா என்று கேட்டதும், இல்லை, பொறுப்பேற்றுப் பெறும் இரவல் என்று நபியவர்கள் உறுதியளித்ததும், பின்னர் சில கவசங்கள் தொலைந்தபோது ஈடு தர முன்வந்ததும் ஹதீஸ் நூல்களில் வந்திருக்கின்றன. இதைக் கொண்டு ஷாஃபி மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டாலன்றி வேறு விதமாக இரவல் பொருள் அழிந்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் வாங்கியவரே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் அது அமானத், வரம்பு மீறினாலோ அசட்டையாக இருந்தாலோதான் பொறுப்பு. எங்கள் வகுப்பில் இரு மத்ஹபுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஹஜ்ரத், தெரியாம செஞ்சு கெட்டுப்போனா?"

தெரியாமல் செய்ததற்குப் பாவம் இல்லை, ஆனால் பிறர் பொருளுக்கான ஈடு நீங்காது என்று பதில் சொன்னேன். பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்தான். அன்று அதைச் சொல்லி முடிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. நான் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லிவிட முடியாதே.

காக்கா முன்னரே மாப்புச் செய்தாரே என்ற எண்ணமும் வந்தது. அதற்கும் எங்கள் கிதாபில் பதில் இருக்கிறது. எவ்வளவு என்று அறியாத ஒன்றை ஒருவர் விட்டுக்கொடுத்தால் ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி அது செல்லாது. அவர் மன்னித்தது ஒரு ரப்பர் குழாயை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, வேகம், மச்சான் திண்ணையில் நடத்திய பாடம், 85,000 ரூபாய். காக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "புக்கு டேஷ்போர்டுலயே இருந்துச்சே, நீ படிக்கிறவன்தானே?" என்று கேட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாப்பா மவுத்தான பின் என்னை மதரஸாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் அவர்தான். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அவரே அழைத்தார். மாடிக்கு வைத்த பணத்தைத் தொடாதே, நான் அனுப்புகிறேன் என்றார். நான் ஒப்பவில்லை. முதல்முறையாகக் காக்காவை எதிர்த்து வாதிட்டேன். இறுதியில் 60,000 நான் கொடுப்பதென்றும், மீதி 25,000த்தை அவர் தொகை அறிந்து, மனமொப்பி விட்டுக்கொடுப்பதென்றும் முடிவாயிற்று. "இதுக்கும் கிதாப்ல எடமிருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் மாடி வழக்கம்போல் ஒழுகியது. காக்கா அந்த வாரம் விடுமுறையில் வந்திருந்தார். கூடத்தில் இரண்டு வாளிகளும் ஒரு சருவச்சட்டியும் வைத்திருந்தோம். அவர் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். உள்ளே வந்தவர், டேஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பற்றிக் கேட்டார். "இந்த வண்டியின் முன்சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்கக் கூடாது. பலகை லாரி மட்டும். நெடுஞ்சாலை உதவி 1033" என்று எழுதி, கீழே காப்பீட்டு உதவி எண்ணையும் குறித்திருந்தேன்.

"எழுத்து அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, நிரம்பியிருந்த வாளியை முற்றத்துக்குக் கொண்டுபோனார்.